கொண்டி

குளிமுறிக் கதவின் கொண்டியை
அண்ணன் கழற்றி எடுத்துவிட்டான்.
திருகாணி இருந்த நாலு ஓட்டையில்
காலை வெயில் நுழைந்து
சோப்புப் பெட்டிமேல் உட்கார்கிறது.

உள்ளே இருக்கும்வரை என் சத்தம் கேட்கவேண்டும்.
நின்றுபோனால் மைனி தள்ளித் திறப்பாள்.
அதுதான் ஏற்பாடு.
முப்பத்திநாலு வயதில்
தெரிந்த ஞானப்பாட்டெல்லாம் தீர்ந்து
பஸ் நிறுத்தங்களைச் சொல்லிக் குளிக்கிறேன்.
பம்மம். இரவிபுதூர்க்கடை. சாமியார்மடம்.
அழகியமண்டபம். தக்கலை.
வில்லுக்குறி வந்ததும் நாக்கு நின்றுவிடும்.
மறுபடி பம்மத்திலிருந்து தொடங்குவேன்.

வில்லுக்குறியில்தான்
ஐந்து வருசத்துக்கு முன்னால்
ஓடும் பஸ்சில் விழுந்தேன்.
கண் திறந்தபோது கடைவாசல் சிமெண்டு,
நனைந்த பாவாடை,
அதன்மேல் யாரோ போர்த்திய செய்தித்தாள்,
வலது கைக்குள் ஒரு சாவி.
இரும்பு கொடுத்தால் அடங்கும் என்று
என் விரல்களைப் பிரித்துத் திணித்தவர்
அதே பஸ்சில் போய்விட்டிருந்தார்.
நாகர்கோவிலிலோ அதற்கு அப்பாலோ
தன் வீட்டு வாசலில் நின்று
சட்டைப்பையைத் தடவியிருப்பார்.
திட்டியிருப்பார். பூட்டை உடைத்திருப்பார்.
சாவி என் பீரோவில் இருக்கிறது.

பள்ளியாடிக்கு டெம்போவில் போன பீரோ அது.
"லேசான தலைவேதனை" என்று
தரகர் ஏசுவடியான் சொல்லிமுடித்த கல்யாணம்.
பதினோராம் நாள் ராத்திரி தெரிந்துபோயிற்று.
பன்னிரண்டாம் நாள் அதே டெம்போ,
அதே டிரைவர்.
வாடகை வேண்டாம் என்றான்.
பீரோவை இறக்கும்போது பக்கத்து வீட்டில்
டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அண்டியாபீசில் முதலில்
அடுப்புப் பக்கம் வேண்டாம் என்றார்கள். சரி.
பிறகு அண்டி தல்லுகிற இடமும் வேண்டாம்.
பிறகு தோல் உரிக்கிற பெஞ்சில்
என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.
என் தம்ளரைத் தனி ஆணியில் மாட்டினார்கள்.
பிறகு, "சீசன் வரட்டு, சொல்லியனுப்புதோம்."
நாலு சீசன் வந்து போயிற்று.

உபவாசக் கூட்டத்தில் பிரசங்கியார்
என் தலையில் கைவைத்து
"உன் பெயர் என்ன?" என்று அதட்டினார்.
கிரேஸ்மலர், என்றேன்.
"உண்மையைச் சொல்" என்றார்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் மாதாமாதம்
ஒரே கேள்வி: எத்தனை தடவை வந்தது?
போன மாசம் புதிதாக ஒரு பெண்,
கழுத்து அட்டையில் ஷஹீமா என்று பெயர்,
பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:
"வராத நாள்ல எப்படி இருக்கீங்க?"

இதற்கு என்னிடம் பதில் இருப்பது
எனக்கே தெரியாது.
வலிப்பு வருசத்தில் நாலு நாள்.
மீதி முந்நூற்று அறுபத்தொரு நாளும்
இன்றைக்கோ என்று எழுந்திருக்கிறேன்.
கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள், விழுந்துவிடுவேன் என்று.
விழுந்தால்தான் என்ன என்று
நான் நினைத்த நாட்கள்
யார் கணக்கிலும் இல்லை.

அவள் அவசரப்படவில்லை.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
பிறகு சீட்டில் எழுதினாள்:
அடுத்த கட்டடம், மாடி, செவ்வாய்க்கிழமை.
வீட்டில் ஒருவரையும் கூட்டிவரச் சொன்னாள்.

மைனி வந்தாள்.
அந்த அறையில் பேசியதை இங்கே எழுதமாட்டேன்.
திரும்பும் பஸ்சில் மைனி சொன்னாள்,
"உனக்க பாட்டு நின்னா
கதவுக்கு இந்தப் பக்கம் எனக்க காலு ரெண்டும் நடுங்கும்.
பேடிச்சுத்தான் தள்ளுவேன்.
நீ வெறுத்துக்கிட்டா என்ன, இருந்தாப் போதும்."
வில்லுக்குறியைத் தாண்டும்போது
என் உள்ளங்கைக்குள் அவள் கை இருந்தது,
இரும்பு எதுவும் இல்லாமல்.

கொண்டி இன்னும் போடவில்லை.
போடக்கூடாது என்றுதான் டாக்டரும் சொல்கிறார்.
ஓட்டை நாலையும் மட்டும்
சோப்பை இழைத்து அடைத்திருக்கிறேன்.

இன்று காலை வில்லுக்குறியில் நின்றேன்.
வாளியில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.
கதவு அசையவில்லை.
வெளியிலிருந்து மைனி
"தோட்டியோடு" என்றாள்.

சுங்கான்கடை, என்றேன் நான்.